புராஸ்டேட் புற்றுநோய்: எந்தச் சிகிச்சை தாம்பத்தியத்தை எப்படித் தொடும்?

ஆண்களின் சிறுநீர்ப்பைக்கு அடியில் இருக்கும் சுரப்பியான புராஸ்டேட்டில் புற்றுநோய் உறுதியானதும் மருத்துவரின் அறையில் பேச்சு மூன்று விஷயங்களைச் சுற்றியே நடக்கும். பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் இரத்த அளவு) எவ்வளவு, க்ளீசன் மதிப்பெண் (புற்று எவ்வளவு தீவிரமானது என்ற கணக்கு) எவ்வளவு, நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது. பிறகு அறுவையா கதிர்வீச்சா என்று கேட்டு, செலவை விசாரித்து, தேதி குறித்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். சிகிச்சைக்குப் பிறகு மனைவியோடு சேர முடியுமா என்று நோயாளி கேட்பதில்லை. இந்த வயதில் இவருக்கு அது எதற்கு என்ற நினைப்பில் மருத்துவர்கள் பலரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. கூட வந்திருக்கும் மகனுக்கு முன்னால் கேட்க அப்பாவுக்கு வாய் வராது.

சிறுநீரகவியல் பிரிவில் நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. அறுவை முடிந்து சில மாதங்கள் கழித்து, மகனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி அந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அப்போது கேட்டால் அடுத்து என்ன செய்யலாம் என்று மட்டும்தான் சொல்ல முடியும். முன்னால் கேட்டிருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதையே பேசியிருக்கலாம். ஏனென்றால் ஒவ்வொரு சிகிச்சையும் ஆண்மையைத் தொடும் விதம் வேறு, தொடும் காலமும் வேறு. அறுவை உடனே பறிக்கிறது, பிறகு ஓரளவு திருப்பித் தருகிறது. கதிர்வீச்சு மெல்ல மெல்லக் கரைக்கிறது. ஆண் ஹார்மோனை அடக்கும் ஹார்மோன் சிகிச்சை விறைப்பை மட்டுமின்றி ஆசையையே எடுத்துக்கொள்கிறது.

நோய் புராஸ்டேட்டுக்குள்ளேயே அடங்கியிருந்தால் அறுவை, கதிர்வீச்சு, எதுவும் செய்யாமல் தொடர்ந்து கண்காணிப்பது என்று மூன்று வழிகள் உண்டு. இவற்றை நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு பிரிட்டனில் நடந்த புரொடெக்ட். 50 முதல் 69 வயது வரையிலான 1,643 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். 15 ஆண்டுக் கால முடிவுகள் 2023இல் வெளிவந்தன. இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் மூன்று குழுக்களிலும் சேர்த்து 45 பேர், அதாவது நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. எந்தக் குழுவில் இருந்தாலும் உயிர் பிழைப்பதில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. கண்காணிப்புக் குழுவில் நோய் வேறு இடங்களுக்குப் பரவியது மட்டும் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. மற்ற இரு குழுக்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் பரவியது, கண்காணிப்புக் குழுவில் ஒன்பது பேருக்கு மேல். இதை மறைத்துவிட்டுக் கண்காணிப்பைப் புகழ்வது நியாயமாகாது.

உயிர் விஷயத்தில் மூன்றும் சமம் என்றால், மீதமுள்ள வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும். அதே ஆய்வில் உடலுறவுக்குப் போதுமான விறைப்பு இருக்கிறதா என்றும் கேட்டிருந்தார்கள். சிகிச்சைக்கு முன் நூற்றுக்கு 67 பேர் இருக்கிறது என்றார்கள். ஆறு மாதம் கழித்து அப்படிச் சொன்னவர்கள் கண்காணிப்பில் 52 பேர், கதிர்வீச்சில் 22 பேர், அறுவையில் 12 பேர். ஆறாம் ஆண்டில் இந்த எண்கள் முறையே 30, 27, 17 என்று ஆயின.

இந்த ஆறு எண்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். சிகிச்சையே எடுக்காமல் தொடங்கிய குழுவிலும் 67 என்பது 30 ஆகக் குறைந்திருக்கிறது. வயது தன் பங்கைச் செய்தது. அந்தக் குழுவில் பலர் இடையில் நோய் வளர்வதைக் கண்டு அறுவைக்கோ கதிர்வீச்சுக்கோ போனதும் ஒரு காரணம். கதிர்வீச்சுக் குழுவினருக்குத் தொடக்கத்தில் சில மாதம் ஹார்மோன் சிகிச்சையும் தந்தார்கள், ஆறாம் மாதத்தில் 22 வரை சரிந்தது பெரும்பாலும் அதனால்தான். அறுவைக் குழு ஆறாம் மாதத்தில் அதலபாதாளத்துக்குப் போய், மூன்றாம் ஆண்டில் 21 வரை ஏறி, மறுபடி இறங்கியது. அங்கு நடந்தவை பெரும்பாலும் வயிற்றைத் திறந்து செய்த பழைய முறை அறுவைகள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இருந்தாலும், 'விறைப்பைத் தரும் நரம்பைக் காப்பாற்றிவிடுவோம், எல்லாம் பழையபடி ஆகிவிடும்' என்று யாராவது சொன்னால் இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிடுவதற்கு முன் இன்றைய நிலையை அறிந்துகொள்ள வேண்டும். ஐந்தே கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. மொத்தம் 25 மதிப்பெண். 22 அல்லது அதற்கு மேல் இருந்தால் விறைப்பில் குறையில்லை என்று பொருள். இதை நிரப்பாமல் யாரும் அறுவை மேசைக்குப் போகக் கூடாது என்பது என் கருத்து. நீண்ட நாள் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவை சிகிச்சைக்கு முன்பே ஆணுறுப்பின் இரத்தக் குழாய்களைக் கெடுத்திருக்கும். விறைப்பு ஏற்கெனவே போய்விட்டவர், அதைக் காப்பாற்றுவதை வைத்துச் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. 24 மதிப்பெண் வாங்கும் 56 வயதுக்காரருக்கு இழப்பதற்கு நிறைய இருக்கிறது, மீட்டெடுக்கும் வாய்ப்பும் அவருக்குத்தான் அதிகம்.

அறுவையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறான எதிர்பார்ப்புகள் இங்குதான் அதிகம். விறைப்பைத் தரும் நரம்புகள் புராஸ்டேட்டின் இரு பக்கமும், ஆரஞ்சுச் சுளையில் ஒட்டியிருக்கும் வெள்ளை நாரைப்போல, மிக மெல்லியதாகப் படர்ந்து செல்கின்றன. 1980 வரை அவை எங்கே ஓடுகின்றன என்று அறுவை மருத்துவர்களுக்கே தெளிவாகத் தெரியாது. புராஸ்டேட்டை எடுத்தால் ஆண்மை போகும் என்பதே விதியாக இருந்தது. 1981இல் அமெரிக்க மருத்துவர் பேட்ரிக் வால்ஷ், நெதர்லாந்தின் லைடன் நகரில் பீட்டர் டோங்கருடன் சேர்ந்து அந்த நரம்புகளின் பாதையைக் கண்டறிந்தார். 1982 ஏப்ரலில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவற்றைத் திட்டமிட்டுக் காத்து முதல் அறுவையைச் செய்தார். இன்று நாம் பேசும் 'நரம்பு காக்கும் அறுவை' அங்கிருந்து வந்ததுதான்.

இரு பக்க நரம்பையும் காத்தாலும், இழுபட்டு நசுங்கிய நரம்பு மாதக்கணக்கில் செயலற்றுக் கிடக்கும். முதல் சில மாதங்களில் விறைப்பு அறவே இல்லாமல் இருப்பது எதிர்பார்க்கத்தக்கது. திரும்புவதற்குப் பதினெட்டு மாதம், இரண்டு ஆண்டு, சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். புற்றுநோய் நரம்பை ஒட்டி வளர்ந்திருந்தால் அந்தப் பக்கத்து நரம்பை எடுத்துத்தான் ஆக வேண்டும். அங்கே நரம்புக்காகப் புற்றை விட்டுவைக்கும்படி எந்த நோயாளியும் வற்புறுத்தக் கூடாது. ஆனால் எடுக்கவேண்டியதை மட்டும் எடுக்க வழி பிறந்திருக்கிறது. அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே, அகற்றிய புராஸ்டேட்டின் ஓரத்தை உறையவைத்து நுண்ணோக்கியில் பார்த்து, ஓரத்தில் புற்று இல்லையென்றால் நரம்பை விட்டுவிடுவார்கள். 2025இல் வெளியான நியூரோசேஃப் ஆய்வில், இந்த முறையில் அறுவை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு ஓராண்டுக்குப் பின் விறைப்புக் குறை இல்லை அல்லது லேசாக மட்டும் இருந்தது. வழக்கமான முறையில் அது 23 பேர். உங்கள் மருத்துவமனையில் இந்த வசதி உண்டா என்று கேட்டுப்பாருங்கள்.

ரோபோ அறுவைக்காகக் கடன் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 326 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ரோபோ உதவியோடு ஒரு பாதிக்கும் திறந்த முறையில் மறுபாதிக்கும் அறுவை செய்தார்கள். இரண்டு ஆண்டு கழித்தும் விறைப்பிலோ சிறுநீர்க் கட்டுப்பாட்டிலோ இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ரோபோவில் இரத்த இழப்பு குறைவு, வீடு திரும்புவது சீக்கிரம். அது பெரிய நன்மைதான். ஆனால் தாம்பத்தியத்தைக் காப்பது கருவியைவிட அதை இயக்கும் கை. மருத்துவர் இதுவரை எத்தனை அறுவை செய்திருக்கிறார், அவருடைய நோயாளிகளில் எத்தனை பேருக்கு விறைப்பு திரும்பியது என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கணக்கு வைத்திருக்கும் மருத்துவர் தயங்காமல் சொல்வார்.

அறுவைக்குப் பிறகு விந்து வராது. விந்துப் பைகளும் புராஸ்டேட்டோடு போய்விடுகின்றன. இது நரம்பைக் காத்தாலும் காக்காவிட்டாலும் நிச்சயம். இனியும் குழந்தை வேண்டும் என்பவர் முன்கூட்டியே விந்தைச் சேமித்துவைக்க வேண்டும். உச்ச இன்பம் மட்டும் போவதில்லை. தொடு உணர்வைத் தரும் நரம்பு வேறு பாதையில் வருகிறது. எனவே விறைப்பு இல்லாமலேயே உச்சத்தை அடைய முடியும். இதைச் சொன்னதும் முகம் மலர்ந்த ஆண்கள் பலர். ஆணுறுப்பின் நீளம் சற்றுக் குறையலாம், உச்சத்தின்போது சிலருக்குச் சிறுநீர் கசியலாம். இரண்டையும் முன்பே சொல்லிவிட்டால் அதிர்ச்சி இருக்காது. சேர்வதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டால் கசிவு பெரும்பாலும் தொல்லை தருவதில்லை.

கதிர்வீச்சின் பாதை வேறு. சிகிச்சை முடிந்த மறுநாள் பெரிதாக எதுவும் தெரியாது. இரத்தக் குழாய்களின் உட்சுவர் மெல்லத் தடித்துச் சுருங்க, இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளில் விறைப்பு படிப்படியாகக் குறையும். விந்தின் அளவும் குறைந்து வற்றிவிடும். நரம்பு வெட்டுப்படாததால் விறைப்புக்கான மாத்திரைகள் இங்கே நன்றாக வேலை செய்கின்றன. மெல்ல வரும் இழப்புக்குத் தம்பதியர் பழகிக்கொள்ள நேரம் கிடைக்கிறது என்பதையும் நான் ஒரு நன்மையாகவே பார்க்கிறேன். சிறுநீர்க் கசிவும் இதில் மிகக் குறைவு. புரொடெக்ட் ஆய்வின் ஆறாம் ஆண்டில் அணையாடை பயன்படுத்தியவர்கள் அறுவைக் குழுவில் நூற்றுக்கு 17 பேர், கதிர்வீச்சுக் குழுவில் 4 பேர். படுக்கையறையில் இந்த எண்ணுக்கு எவ்வளவு முக்கியத்துவம் உண்டு என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மலக்குடல் எரிச்சலும் மலத்தில் இரத்தமும் கதிர்வீச்சின் பக்கத்தில் வரும் தொல்லைகள்.

ஆனால் கதிர்வீச்சு என்று சொல்லும்போது அதோடு ஹார்மோன் ஊசியும் உண்டா என்று கேட்காமல் ஒப்பிடவே கூடாது. நோய் நடுத்தர அபாயத்தில் இருந்தால் நான்கு முதல் ஆறு மாதமும், அதிக அபாயத்தில் இருந்தால் ஒன்றரை முதல் மூன்று ஆண்டுகள் வரையும் ஊசி சேர்ப்பது வழக்கம். ஆறு மாத ஊசியும் மூன்று ஆண்டு ஊசியும் தாம்பத்தியத்தில் இரு வேறு உலகங்கள். கதிரியக்க மணிகளைப் புராஸ்டேட்டுக்குள்ளேயே பதிக்கும் பிராக்கிதெரபி, பொருத்தமானவர்களுக்கு முதல் சில ஆண்டுகளில் விறைப்பை நன்கு காக்கிறது. எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

கண்காணிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். க்ளீசன் 6, பி.எஸ்.ஏ. 10க்குக் கீழ் என்று அபாயம் குறைந்த நோயாக இருந்தால் இதுதான் முதலில் பேசவேண்டிய வழி. குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ., தேவைப்படும்போது பயாப்ஸி. விறைப்புக்கு எந்தச் சேதமும் இல்லை. உடம்பில் புற்றுநோயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதா என்று குடும்பம் பதறும். அந்தப் பதற்றத்துக்காக மட்டும் 58 வயதுக்காரர் அறுவைக்குப் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. ஒழுங்காக வந்து பரிசோதித்துக்கொள்ளமாட்டார் என்று தெரிந்தவருக்கு மட்டும் இதை நான் சொல்லமாட்டேன்.

நம் ஊரில் பலருக்கு நோய் தெரியவருவதே அது முற்றிய பிறகுதான். சிறுநீர் அடைத்துக்கொண்டோ இடுப்பெலும்பு வலித்தோ வருவார்கள். அவர்களுக்கு இந்த மூன்று வழிகளும் திறந்திருப்பதில்லை. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் சிகிச்சைதான் அடிப்படை. இந்த நோய்க்கு அந்த ஹார்மோனே தீனி என்று 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். அதற்காக 1966இல் நோபல் பரிசும் பெற்றார். இங்கேயும் ஒரு தேர்வு இருக்கிறது: மாதம் ஒன்று அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று என்று போடும் ஊசி, அல்லது விதைகளை ஒரே தடவையில் அகற்றும் சிறிய அறுவை. நோயை அடக்குவதில் இரண்டும் ஒன்றே. அறுவைக்குச் செலவு குறைவு, மறுபடி மறுபடி வரவேண்டியதில்லை. ஆனால் அதை மாற்ற முடியாது. ஊசியை நிறுத்தினால் சில மாதங்களில் ஹார்மோன் திரும்பலாம், வயதானவர்களுக்கு முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். செலவை மட்டும் காட்டி, யோசிக்க ஒரு வாரம்கூடக் கொடுக்காமல் விதை அகற்றக் கையெழுத்து வாங்குவது சரியல்ல. வாழ்நாள் முழுக்க இந்தச் சிகிச்சை தேவைப்படும் 75 வயதுக்காரருக்கு அது பொருத்தமான முடிவாகவே இருக்கலாம். அவரும் மனைவியும் தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தச் சிகிச்சையில் ஆசையே அடங்கிவிடும். அதனால் ஆண் அதை இழப்பாக உணர்வதுகூடக் குறைகிறது. வலியை அனுபவிப்பவர் மனைவி. கை பட்டாலும் விலகிப் படுக்கிறார், என் மேல் வெறுப்பா என்று அழுத பெண்களிடம், இது ஊசியின் வேலை என்று யாருமே சொல்லியிருக்கவில்லை. நோய் பரவாத சிலருக்கு ஊசிக்குப் பதிலாக பைகலுட்டமைட் மாத்திரை கொடுப்பதுண்டு. அதில் ஆசை ஓரளவு தங்கும், மார்பகம் வீங்கி வலிக்கும். பரவிய நோய்க்கு அது ஊசிக்கு ஈடாகாது.

எந்தச் சிகிச்சையை எடுத்தாலும் அதற்குப் பிந்தைய உதவிகளையும் முன்பே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. முதலில் மாத்திரை. சில்டெனாஃபிலை வெறும் வயிற்றில், ஒரு மணி நேரத்துக்கு முன் எடுக்க வேண்டும். பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வேலை தாமதமாகும். டாடலாஃபில் ஒன்றரை நாள் வரை உடம்பில் நிற்கும், நேரம் பார்த்துச் சேரவேண்டிய நெருக்கடி இல்லை என்பதால் பெரும்பாலான தம்பதியருக்கு நான் இதையே விரும்புவேன். இரண்டுமே நரம்பு அனுப்பும் சமிக்ஞையைப் பெருக்கித் தருபவை. நரம்பையே எடுத்துவிட்டவருக்குப் பெரிதாக உதவாது. நெஞ்சுவலிக்காக நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோ சார்பிட்ரேட்டோ எடுப்பவர்கள் இவற்றைத் தொடவே கூடாது, இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவு இறங்கிவிடும். மருந்துக் கடையில் நேராக வாங்கிப் போடுபவர்கள் இதை இரண்டு தடவை படிக்கட்டும். அறுவைக்குப் பின் தினமும் மாத்திரை போட்டால் நரம்பு சீக்கிரம் மீளும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. குலுக்கல் முறை ஆய்வுகளில், மாத்திரையை நிறுத்திய பிறகு நிலைத்த பலன் தெரியவில்லை. பெரும் தொகை கேட்கும் 'மீட்புத் திட்டங்களில்' சேருவதற்கு முன் இது தெரிந்திருக்கட்டும்.

மாத்திரை பலிக்காதவர்களுக்கு வெற்றிடப் பம்பு. குழாயைப் பொருத்திக் காற்றை உறிஞ்சினால் இரத்தம் வந்து நிறையும், அடியில் ஒரு ரப்பர் வளையம் போட வேண்டும். வளையம் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நரம்பு இல்லாவிட்டாலும் வேலை செய்யும். உறுப்பு சில்லென்று இருக்கிறது, இயல்பாக இல்லை என்று பலர் சில வாரங்களில் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

அடுத்தது உறுப்பிலேயே போடும் ஊசி. இதற்குத்தான் நம்மவர்கள் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். அல்ப்ராஸ்டடில் அல்லது பாப்பாவெரின் கலந்த மருந்தை மெல்லிய ஊசியால் உறுப்பின் பக்கவாட்டில் செலுத்தினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் விறைப்பு வரும், நரம்பின் உதவி வேண்டியதில்லை. மாத்திரை பலிக்காதவர்களில் பெரும்பான்மையோருக்குப் பலிக்கும் வழி இது. முதல் ஊசியை மருத்துவமனையில் போட்டு அளவைத் தீர்மானிப்பார்கள். நான்கு மணி நேரம் கடந்தும் விறைப்பு அடங்காவிட்டால் நடு இரவானாலும் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர் ஒருவர் ஊசி என்றதும் எழுந்து போகப் பார்த்தார். மனைவி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்து, 'இவருக்குப் பத்து வருஷமாக இன்சுலின் போடுவது நான்தான், எந்த இடத்தில் குத்த வேண்டும் என்று எனக்குக் காட்டுங்கள்' என்றார். செவிலியர் ஒரு பொம்மை உறுப்பில் காட்டினார். அந்த அம்மா ஒரே தடவையில் கற்றுக்கொண்டார். மேலும் கூடாது, கீழும் கூடாது, பக்கம் மட்டும். ஒரு தடவை இடது, மறுதடவை வலது.

கடைசி வழி ஆணுறுப்புக்குள்ளே பொருத்தும் கருவி. வளைத்து நிமிர்த்தும் குச்சி வகை, பம்பு வைத்து ஊதும் வகை என இரண்டு. ஊதும் வகை 1973 முதல் இருக்கிறது. வெளிநாட்டுச் சரக்கு என்பதால் விலை அதிகம். குச்சி வகையில் மும்பையின் டாக்டர் ரூபின் ஷா உருவாக்கிய இந்தியக் கருவி குறைந்த விலையில் கிடைக்கிறது. பொருத்திய பிறகு இயற்கையான விறைப்புக்குத் திரும்ப முடியாது. அதனால் அறுவைக்குப் பின் குறைந்தது ஓராண்டு, முடிந்தால் இரண்டு ஆண்டுகள் காத்திருந்து, மற்ற வழிகளைப் பார்த்துவிட்ட பிறகே இதற்கு வரவேண்டும். தொடு உணர்வும் உச்சமும் முன்பு இருந்தபடியே இருக்கும். பொருத்திக்கொண்டவர்களில் பெரும்பாலோர் திருப்தியாகவே இருக்கிறார்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மனைவியும் உடன் இருக்கட்டும், எந்த வகை என்று முடிவெடுப்பதில் அவர் சொல்லுக்கும் இடமிருக்கிறது.